ஆறாவது புள்ளி

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு ஏதாவது உயர்ந்த காரணம் சொல்லித் தொடங்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு எந்த வாரம் எந்தச் செய்முறை என்று பதினான்கு வருடமாக ஆண்டுத் திட்டம் போட்டுக் கொடுத்தவன். இந்த வருடம் அந்தத் திட்டத்தை வேறொருவர் போட்டார். விஷயம் அவ்வளவுதான்.

இதையும் சொல்லிவிட்டால் கதையில் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். ஒரு கம்பு இருக்கிறது, அதன் நிழல் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவதற்கு எனக்குக் கொஞ்சம் துணிச்சல் தேவைப்படுகிறது.

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

"இருபத்தாறு வயதே ஆன அந்தப் புது ஆசிரியை, அனுபவமில்லாத துடுக்கோடு ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது—"

அடித்துவிட்டேன். அவருக்கு இருபத்தாறு வயதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முழங்கால் வலியால் மாடிப்படியில் நின்று நின்று ஏறுவார். சின்னப் பெண் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருந்தது; அனுபவம் போதாது என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிடலாம். உண்மையில், வயதைக் காட்டிக்கூட அவரை மட்டம் தட்ட எனக்கு வழியில்லை.*

[* அடித்த தாளை நான் கிழிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பக்கம் எழுதிய தாளை யாரும் எறிவதில்லை. கூடத்து மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் மறுபக்கம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கடைச் சாமான் பட்டியல், கூட்டல் கணக்கு, பொம்மைப் படம் எல்லாம் என் பழைய வினாத்தாள்களின் முதுகில்தான்.]

2.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டப்பா டீச்சர். வந்த முதல் வாரமே, வீட்டில் எந்தக் காலி டப்பாவையும் எறியக்கூடாது என்று உத்தரவு போட்டார். செருப்பு டப்பா, பிஸ்கட் டப்பா, மாத்திரை டப்பா என்று வந்து குவிந்து ஆய்வகத்தின் பின்சுவர் பாதி மறைந்துபோனது. எனக்கும் ஒரு பெயர் உண்டு, அட்டவணை சார். அது பாராட்டு என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் முறை வேறு. நீள மேசைக்குப் பின்னால் நின்று செய்முறையை நானே செய்து காட்டுவேன். பிள்ளைகள் பார்ப்பார்கள். பிறகு நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று நான்கு தலைப்பில் எழுதுவார்கள். பதினான்கு வருடத்தில் ஏழு கண்ணாடிக் குழாய்கள்தான் உடைந்திருக்கின்றன. ஏழையும் உடைத்தவன் நான். வேறு யாரும் தொட்டதில்லை.

அவர் திட்டத்தை நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் எழுதியிருந்தார். மாதத்துக்கு ஒரு தாள், பத்துத் தாள். முதல் மாதம், மணலும் கூழாங்கல்லும் போட்டு வெட்டிய பாட்டிலில் தண்ணீர் வடிகட்டுதல். இரண்டாம் மாதம், ஈரப் பஞ்சில் முளைக்கும் பயறு. மூன்றாம் மாதம், டப்பாவில் ஊசித்துளை போட்டுச் செய்யும் கேமரா. இதெல்லாம் என் திட்டத்திலும் இருந்ததுதான். என்னிடம் இல்லாதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தை வெறுமையாக விட்டு, அந்த மாதம் சரியாக வராத சோதனைகளை மறுபடி செய்து பார்க்க என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் அதைச் சொதப்பல் வாரம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எது சொதப்பியது, ஏன் சொதப்பியது என்று துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும். வாரம் பிறந்ததும் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் படிப்பார்கள்.

சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டு, பாட்டில் வாயில் பலூனை மாட்டினால் பலூன் தானாக உப்பும். நான் பதினான்கு முறை செய்திருக்கிறேன், பதினான்கு முறையும் உப்பியது. அவர்கள் செய்தபோது உப்பவில்லை. அடுத்த அறையில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சண்டை.

"தண்ணி ரொம்பச் சூடு டீச்சர், அது செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுன்னா, மொதல்ல உயிரோட இருந்துச்சா?" என்று டப்பா டீச்சரின் குரல்.

பிறகு ஒரு அமைதி. நாற்பது பேர் ஒரே நேரத்தில் யோசிக்கும்போது வருகிற அமைதி. அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் சுவர் வழியாக. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வகுப்பில் பேசிக்கொண்டிருந்த இருவரை எழுப்பி நிற்க வைத்தேன்.

3.

[இந்தப் பகுதியைச் சுருக்கலாம். தலைமையாசிரியை கதையில் ஒரே ஒரு வேலைக்காகத்தான் வருகிறார்.]

வருடத் தொடக்கத்தில் தலைமையாசிரியையின் மேசைமேல் இரண்டு திட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்னுடையது நான்கு வண்ணத்தில் அச்சடித்து, சுருள் கம்பி போட்டது. அவருடையதை ஒரு துணிக் கிளிப் சேர்த்துப் பிடித்திருந்தது. அம்மையார் இரண்டையும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷம் இவங்களோடதை எடுத்துப் பாப்போம் சார். ஆறாம் மாசம் உக்காந்து பேசுவோம். சரி வரலைன்னா உங்க திட்டம் எங்கயும் ஓடிப் போயிடலையே."

ஆறாம் மாதம் என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கே கவனித்துக்கொண்டேன்.

4.

பொறாமை பள்ளியோடு நின்றிருந்தால் தாங்கியிருப்பேன். என் மகள் ஏழாம் வகுப்பு, அதே பள்ளி. சாப்பிட உட்கார்ந்தால் டப்பா டீச்சர், எழுந்தால் டப்பா டீச்சர்.

"எங்க டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா?"

"நானும் உங்க ஸ்கூல் டீச்சர்தான்" என்றேன்.

"நீங்க அப்பா" என்றாள். அதில் குறை எதுவும் வைக்கவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி, எண் சரிபார்த்து, வந்த முடிவை வந்தபடி எழுதுகிறவள். இந்தக் கதையின் வரைவுகளை அவளிடம்தான் காட்டுகிறேன். பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதித் தருவாள். மேலே உள்ள இரண்டாம் பகுதியில், "அவங்களைப் பத்தி எழுதும்போது நல்லா எழுதறீங்க, உங்களைப் பத்தி எழுதும்போது மழுப்பறீங்க" என்று எழுதியிருக்கிறாள்.

இப்போது கம்பு. ஆண்டு முழுவதற்குமான ஒரே சோதனை அது. மைதானத்தில் ஒரு கம்பு நட்டு, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பத்து மாதம், பத்துப் புள்ளி. சேர்த்துப் பார்த்தால் சூரியன் தெற்கே போய்த் திரும்பி வருவது வளைவாகத் தெரியும். பொறுப்பு ஏழாம் வகுப்புக்கு, அதில் குழுத் தலைவி என் மகள்.

அந்தச் சோதனை என்னுடையது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் செய்தது. அதன் சார்ட் ஆய்வக வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறது: பத்துப் புள்ளிகள், அழகான வளைவு, கீழே என் பெயர், ஓரத்தில் கண்காட்சி முதல் பரிசு என்று ஒரு தங்க நிற ஸ்டிக்கர். அதைத் தாண்டித்தான் டப்பா டீச்சர் தினமும் உள்ளே போகிறார். கம்பு நட்ட அன்றைக்கு என்னிடம் வந்தார்.

"சார், உங்க சார்ட்டைப் பாத்துதான் இடம் எடுத்தேன். வேலியிலேர்ந்து பன்னெண்டடின்னு போட்டிருந்தீங்கல்ல, அதே இடம். பதினோரு வருஷத்துக்கு முந்தின புள்ளிமேல இந்த வருஷத்துப் புள்ளி வந்து உக்காரணும். பசங்களுக்கு அதைக் காட்டணும்னு ஆசை."

நான் தலையாட்டினேன்.

5.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கம்பு நட்ட மூலைக்குத் தென்கிழக்கே, நான்கு தூண் மேல் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. முதல் ஐந்து மாதம் ஒன்பது மணிக்கு அதன் நிழல் வேறு பக்கம் விழும். சூரியன் தெற்கே சாயச் சாய நிழலும் நகர்ந்துவரும். ஆறாம் மாதம் முதல் திங்கட்கிழமை கம்பு முழுசாகத் தொட்டி நிழலுக்குள் போய்விடும். நிழலுக்குள் நிற்கும் கம்புக்கு நிழல் கிடையாது. ஒன்பதாம் மாதம் வரை அப்படியே.

ஐந்து புள்ளிகள் வைத்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை ஆறாவது. அந்த வாரம்தான் தலைமையாசிரியை உட்கார்ந்து பேசப்போகிறார்.

ஐந்து மாதமாக நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு முதல் திங்கட்கிழமையும் பணியாளர் அறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் குனிந்து புள்ளி வைப்பார்கள், கைதட்டுவார்கள். தொட்டியின் நிழல் மாதத்துக்கு மாதம் இரண்டு எட்டு, மூன்று எட்டு என்று அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. இந்த வாக்கியத்தை மூன்று முறை மாற்றி எழுதினேன்: "சங்கடமாக இருந்தது", "ஒருமாதிரி இருந்தது", "இனித்தது". மூன்றாவதுதான் உண்மை.

[பொறாமையைப் பற்றி இங்கே ஒரு பக்கம் கட்டுரையாக எழுதியிருந்தேன். பொறாமைப்படுகிறவன் தன் எதிரியை வேறு யாரையும்விட உன்னிப்பாகக் கவனிக்கிறான், அந்த வகையில் அது ஒரு விதமான— என்று போனது. மனைவி ஓரத்தில், "அழகா இருக்கு. தேவையில்ல" என்று எழுதிவிட்டாள். எடுத்துவிட்டேன்.]

6.

போன பகுதியைப் படித்துவிட்டு மனைவி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அந்த இடத்துல ஆறாம் மாசம் நிழலே விழாதுன்னா, உங்க சார்ட்ல பத்துப் புள்ளி எப்படி வந்துச்சு?"

நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் தாண்டிப் போவீர்கள் என்று நம்பித்தான் பொறாமையை இவ்வளவு தாராளமாக ஒப்புக்கொண்டேன். ஒன்றை மறைக்க இன்னொன்றை முன்னால் தள்ளுவது எல்லோரும் செய்கிற வேலைதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் கம்பையும் தொட்டி விழுங்கியது. கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. மைதானத்தில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிச்சத்தை நானே மொட்டைமாடியில் அளந்துகொள்கிறேன் என்றேன். அளக்கவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சூரியன் சாயும் கோணத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஆறிலிருந்து ஒன்பது வரை நான்கு புள்ளிகளையும் பேனாவால் வைத்தேன். கணக்கில் தவறில்லை. தொட்டி மட்டும் இல்லாதிருந்தால் நிழல் அங்கேதான் விழுந்திருக்கும். பிள்ளைகள் நான் சொன்னதை முடிவு என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நான் அவர்களை அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

"எடுக்காத ரத்தத்துக்கு நான் ரிப்போர்ட் எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள் மனைவி. "உங்களுக்குப் பரிசு குடுத்திருக்காங்க."

ஆக, டப்பா டீச்சரிடம் கம்பை மாற்றுங்கள் என்று சொன்னால், அடுத்த கேள்வி அவரிடமிருந்தும் இதேதான் வரும். ஐந்து மாதம் என் வாயைக் கட்டிப்போட்டதில் பொறாமைக்குப் பாதிப் பங்கு. மறுபாதி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது.

7.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவன் (எனக்கு நானே 'அவன்' ஆகிவிட்டேன், எழுத எளிதாக இருக்கிறது) ஞாயிற்றுக்கிழமை சுவரேறிக் குதித்துப் போய், கம்பைப் பிடுங்கி ஆறடி தள்ளி நடுகிறான். பழைய ஐந்து புள்ளிகளையும் அதே அளவு தள்ளி வைக்கிறான். யாருக்கும் தெரியாத நல்ல காரியம். மனைவியின் குறிப்பு: "மறுபடியும் நீங்களே புள்ளி வைக்கறீங்க."

இரண்டாம் முடிவு. அவன் ஒன்றும் சொல்வதில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணி. நிழல் இல்லை. பிள்ளைகள் கம்பைப் பார்க்கிறார்கள், தொட்டியைப் பார்க்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து பணியாளர் அறை ஜன்னலைப் பார்க்கிறாள், ஏனென்றால் அவள் கேள்வி கேட்கப் பழகிவிட்ட— இதை முடிக்க என்னால் முடியவில்லை. மனைவியும் குறிப்பு எழுதவில்லை.

மூன்றாம் முடிவு. அவன் எல்லாவற்றையும் சொல்கிறான். டப்பா டீச்சர் திட்டுவதில்லை. நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறார். "சொதப்பல் வாரத்துல போட்டுடலாம் சார்" என்கிறார். அவனுடைய சார்ட்டைப் பிள்ளைகள் முன் வைத்து, இதில் எந்தப் புள்ளி நிஜம், எந்தப் புள்ளி கணக்கு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். ஒரு வாரம் பள்ளியே அதைத்தான் பேசுகிறது. அதைவிட நல்ல பாடம் அந்த ஆய்வகத்தில் நடந்ததில்லை.

இந்த முடிவைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். என் தோல்வியைக்கூட அவர் என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துவார். எழுதும்போதே காதில் புகை வருகிறது. மனைவியின் குறிப்பு: "இதான் நடக்கும்னு உங்களுக்கே தெரியுது."

8.

இன்று சனிக்கிழமை காலை. சுத்தப் பிரதி எடுக்கலாம் என்று வரைவுகளை அடுக்கினேன். ஐந்தாம் பகுதி இருக்கிறது, ஏழாம் பகுதி இருக்கிறது, ஆறைக் காணவில்லை. மேசைக்கு அடியில் தேடினேன். பிறகுதான் கூடத்து மேசைத் தட்டைப் பார்த்தேன். காலி.

"தட்டுல இருந்த பேப்பரா?" என்றாள் மகள். "நேத்து எடுத்தேன். மைதானம் படம் வரைஞ்சு டீச்சர்கிட்ட குடுத்துட்டேன். அஞ்சு புள்ளியும் போட்டு, ஆறாவதுக்கு உங்க சார்ட்டைப் பாத்து ஒரு வட்டம் போட்டு வெச்சிருக்கேன். அங்கதானேப்பா வரும்?"

ஆறாம் பகுதியின் முதுகில் வரைந்திருக்கிறாள். அதைத் தட்டில் போட்டவன் நானேதான். பழக்கம்.

மனைவி கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "அவங்க பக்கத்தைத் திருப்பறதுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா, நீங்க சொன்னதா இருக்கும். அப்புறம் சொன்னா மாட்டிக்கிட்டதா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஃபோனை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அழைத்தேன். நான்காவது மணியில் எடுத்தார்.

"சொல்லுங்க சார். கையெல்லாம் பசை, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"டீச்சர், கம்பு விஷயமா..."

"நானும் அந்த வேலைதான் பாத்துட்டிருக்கேன். உங்க பொண்ணு வரைஞ்ச படத்தை அட்டையில ஒட்டறேன், திங்கக்கிழமைக்கு. நல்லா வரைஞ்சிருக்கா சார். பின்பக்கம் உங்க கையெழுத்துல ஏதோ இருந்துச்சு. நான் படிக்கல. இப்பதான் பசை தடவி வெச்சேன். வேணும்னா சொல்லுங்க, காயறதுக்குள்ள உரிச்சுத் தந்துடறேன். வேணாம்னா அழுத்தி ஒட்டிடறேன்."

படிக்கவில்லை என்று அவர் சொன்னதை நம்பினேன். நானாக இருந்தால் படித்திருப்பேன். அந்த இடத்தில்கூட எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது.

யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால், ஆறாம் பகுதி அட்டைக்குள் போய்விடும். அதற்குமேல் யாரும் திருப்பிப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை தொட்டி தன் வேலையைப் பார்க்கும், செவ்வாய்க்கிழமை என் திட்டம் மேசைக்குத் திரும்பும். என் மகள் போட்டுவைத்த வட்டம் மட்டும் காலியாக இருக்கும். வேண்டும் என்று சொன்னால் அது என்ன தாள் என்று சொல்லியாக வேண்டும்; அதன்பின் என்னவெல்லாம் ஆகும் என்பதை மூன்றாம் முடிவில் படித்துவிட்டீர்கள்.

நான் சொன்ன சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் படித்த ஆறாம் பகுதி நான் இரண்டாவது முறையாக எழுதியது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதை வைத்து என்னைப் பற்றி நல்லதாக எதையும் முடிவு கட்டிவிட வேண்டாம். தாளை அவரிடமே படிக்கக் கொடுத்தவனும் திருப்பி எழுதுவான், அட்டைக்குள் ஒட்டவிட்டுக் கதை குறைபட்டுப்போகிறதே என்று கவலைப்பட்டவனும் எழுதுவான். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னை எப்படி வேண்டுமானாலும் ஆக்குங்கள். அவருக்கு மட்டும் இருபத்தாறு வயது ஆக்கிவிடாதீர்கள்.

"சார், லைன்ல இருக்கீங்களா? பசை காயுது."